பிளஸ் டூவின் கடைசி நாற்பது நாள்: எதற்குக் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது?

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததுமே பிளஸ் டூ ஆசிரியர்களிடம் கோரிக்கைகள் வர ஆரம்பித்துவிடும். "இனிமே வீட்லயே இருந்து படிச்சுக்கறேன் மிஸ்" என்று பிள்ளைகள் நிற்பார்கள். "பையனை நீட் கிராஷ் கோர்ஸ்ல சேத்துடலாம்னு இருக்கோம் டீச்சர், பப்ளிக்ல எப்படியும் பாஸாயிடுவான்ல?" என்று பெற்றோர் கேட்பார்கள். டைப்பிங் கிளாஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், மாமா கடையில் சாயங்கால வேலை என்று வேறு யோசனைகளும் நடுநடுவே எட்டிப் பார்க்கும். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் எனக்கு இது வருடா வருடம் நடக்கிற பஞ்சாயத்து. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கையில் இருக்கும் நாளை முதலில் எண்ணிவிடலாம். பொதுத்தேர்வு மார்ச் முதல் வாரம் தொடங்கும். காலண்டரைப் பார்த்தால் இரண்டு மாதம் முழுசாக இருப்பது போலத் தெரியும். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை, குடியரசு தினம், தைப்பூசம் எல்லாம் போக நாற்பது வேலைநாள் தேறினால் பெரிய விஷயம். அந்த நாற்பதுக்குள்தான் திருப்புதல் தேர்வுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்குக் குறையாது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. ஆண்டு விழா இருந்தால் அதன் ஒத்திகை. ஆக, ஆசிரியர் வகுப்பில் நின்று பாடம் பேசுகிற நாள் இருபதைத் தாண்டுவது அபூர்வம்.

இந்த நாட்களுக்குப் போட்டி போடுபவற்றில் முக்கியமில்லாதது என்று எதையும் ஒதுக்க முடியாது. அதனால் 'எது முக்கியம்' என்று பார்த்தால் முடிவுக்கே வரமாட்டோம். நான் பார்ப்பது வேறு: பள்ளியை விட்டுப் போன பிறகும் இது கிடைக்குமா? கிடைக்கும் என்றால் ஏப்ரல் வரை, ஜூன் வரை, அடுத்த வருடம் வரைகூடக் காத்திருக்கட்டும். கிடைக்காது என்றால் இந்த நாற்பது நாள் அதற்குத்தான்.

நீட்டா, பொதுத்தேர்வா?

பெற்றோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நீட் தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. பொதுத்தேர்வு மார்ச் கடைசியில் முடிந்துவிடும். நடுவில் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் நீட்டுக்கு மட்டும்தான். போட்டிக்கு வேறு பாடமில்லை, திருப்புதல் இல்லை, ரெக்கார்டு நோட்டு இல்லை. அந்த நேரத்தில் அரசு நடத்தும் இலவசப் பயிற்சியும் உண்டு. இந்த வருடம் சரியாக வராவிட்டால் அடுத்த வருடம் எழுதலாம். இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடோ மேல் வயது வரம்போ நீட்டில் இப்போது இல்லை. இரண்டாம் முறை எழுதி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலேயே பார்த்திருக்கிறேன்.

பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. தேர்ச்சி பெற்ற பாடத்தை, மார்க் போதவில்லை என்று மறுபடி எழுத நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இப்போது வழியில்லை. மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று விண்ணப்பித்து ஒன்றிரண்டு ஏறினால் உண்டு. வந்தது வந்ததுதான்.

இன்னொன்றையும் பெற்றோர் யோசிப்பதில்லை. நீட் கைவிட்டால் அடுத்து எங்கே போவார்கள்? கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. அக்ரி, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் எல்லாமே தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் கூட்டு மதிப்பெண். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்தில் தொடங்கி, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் வரை வந்துவிட்டது. நீட்டை நம்பி ஜனவரியில் பள்ளியை விட்ட பிள்ளை, நீட்டிலும் இடம் கிடைக்காமல், இந்தக் கதவுகளையும் தானே சாத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்தப் பிள்ளையிடம் அப்போது சொல்லவும் முடியாது.

பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது, "கோச்சிங் சென்டர்ல இப்பவே சேந்தாத்தான் சீட்னு சொல்றாங்க" என்பார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது அவர்கள் தொழில். ஏப்ரலில் பணம் கட்டினாலும் வேண்டாம் என்று யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் பொறியியல் சேர ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதுபவர்கள் கணக்கு கொஞ்சம் வேறு. ஜேஇஇ மெயின் ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கிறது. இரண்டில் எது கூடுதலோ அது எடுத்துக்கொள்ளப்படும். ஜனவரித் தேர்வைக் கை பழகுவதற்கு எழுதிவிட்டு, நிஜமான முயற்சியை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்வது நம் பிள்ளைகளுக்குச் சரிப்படும்.

நீட்டை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. உயிரியல் ஒரு மதிப்பெண் வினாக்களைப் புத்தக வரி வரியாகப் படிப்பது இரண்டுக்கும் உதவும். நீட்டின் 720-ல் பாதி, அதாவது 360, உயிரியல்தான். இயற்பியல் கணக்குகளுக்கு வாரம் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம். பள்ளி நாட்களைத் தொடவேண்டாம் என்பதுதான் என் கட்சி.

எந்தப் பாடத்துக்கு எவ்வளவு?

பொதுத்தேர்வு என்று முடிவெடுத்த பிறகும் ஆறு பாடங்களுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கு போட்டால் வீண். பொறியியல் போக நினைப்பவர்கள் கட்-ஆஃப் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்கவேண்டும். கணிதம் 100-க்கு அப்படியே 100. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, தலா 50. மொத்தம் 200.

அரையாண்டில் கணிதம் 85, இயற்பியல் 78, வேதியியல் 80 எடுத்த பிள்ளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 85, 39, 40: கட்-ஆஃப் 164. இந்தப் பிள்ளை கணிதத்தில் பத்து மார்க் ஏற்றினால் 174. அதே பத்தை இயற்பியலில் ஏற்றினால் 169 மட்டுமே. தரவரிசையில் இந்த ஐந்து மார்க் வித்தியாசத்துக்குள் ஆயிரக்கணக்கான பேர் நிற்பார்கள். கட்-ஆஃப் சமமானாலும் முதலில் பார்க்கப்படுவது கணித மதிப்பெண்தான். வேதியியல் ஆசிரியராக இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. என்ன செய்ய, கணக்கு அப்படி.

ஆனால் ஏற்றுவது எங்கே சுலபம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கணிதத்தில் 85-லிருந்து 95-க்குப் போவது மலையேற்றம். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழிலும் ஒரு படி தவறாமல் போடவேண்டும். இயற்பியல், வேதியியல் தாள்கள் 70 மதிப்பெண்ணுக்கு: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5. இதில் ஒரு மதிப்பெண் பதினைந்தில் நான்கைந்தை விடுகிற பிள்ளைகள்தான் வகுப்பில் பாதி. காரணம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது. பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களைத் தினமும் ஒரு அலகு வீதம், பதிலைப் பார்க்காமல் போட்டுப் பழகினால் இந்த இழப்பில் பெரும்பகுதி பிப்ரவரிக்குள் நின்றுவிடும். செலவாகிற நேரத்துக்கு வருகிற மார்க்கைப் பார்த்தால் இதைவிட லாபமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழையும் ஆங்கிலத்தையும் 'கட்-ஆஃப்ல வராது மிஸ்' என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியியலுக்கு வராது, உண்மை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். மற்றப் பட்டப்படிப்புகளுக்கு நான்கு பாடங்களின் 400. கலைக்கல்லூரிக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மொழிப்பாடத்தில் அலட்சியம் வேண்டாம்.

தேர்ச்சியே சந்தேகம் என்கிற நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, பள்ளி வழக்கில் 'மெல்லக் கற்போர்' என்கிறோம், கணக்கு முற்றிலும் வேறு. 35 எடுத்தால் பாஸ். அதில் எழுத்துத் தேர்வில் 70-க்கு 15-ஆவது எடுத்திருக்கவேண்டும். செய்முறை இல்லாத பாடங்களில் 90-க்கு 25. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறையையும் அகமதிப்பீட்டையும் ஒழுங்காக முடித்து 27, 28 வாங்கிவிட்ட பிள்ளைக்கு எழுத்தில் 15 போதும். அது ஒரு மதிப்பெண் வினாக்களும், நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று சிறு வினாக்களும்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள்தான் பிப்ரவரியில் பள்ளிக்கு வருவதை நிறுத்துகிறார்கள். பயம். "வந்தா திட்டுவீங்க மிஸ்" என்பார்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, செய்முறைத் தேர்வு நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த 20 போனால் எழுத்தில் ஈடுகட்ட அவர்களால் ஆகாது.

வீட்டில் படிப்பதா, பள்ளிக்கு வருவதா?

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வைக்கிற வாதம் நியாயமானதுதான். பஸ்ஸுக்குக் காத்திருந்து, வந்து, திரும்பிப் போக இரண்டு மணி நேரம் போகிறது. வகுப்பில் திருப்புதல் என்ற பெயரில் தெரிந்ததையே மறுபடி நடத்துகிறார்கள். மாலை சிறப்பு வகுப்பில் உட்கார்ந்தால் கடைசி டவுன் பஸ் போய்விடும் என்ற பயத்தில் பாதிப் பேருக்கு மனசே இருப்பதில்லை. ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு, ஹாரன் கேட்டதும் நோட்டை மூடுவார்கள். வீட்டில் இருந்தால் காலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்கலாம் என்கிறார்கள்.

வீடு என்றால் எந்த வீடு என்பதைப் பொறுத்தது. தனி அறை, அமைதி, படிப்பைப் பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கும் வீடு வேறு. எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில், பெண் பிள்ளை பகலில் வீட்டில் இருக்கிறாள் என்றால் தண்ணீர் பிடிப்பதிலிருந்து தம்பிக்குச் சோறு போடுவது வரை அவள் தலையில்தான் விழும். பையன் இருந்தால் "சும்மாதான இருக்க, இந்த மூட்டைய எடுத்துட்டு வா" என்பார்கள். கையில் போன் வேறு. பள்ளிக்கு வருகிற ஏழெட்டு மணி நேரமாவது அந்தப் பிள்ளைக்குச் சொந்த நேரம்.

அதைவிட முக்கியம், பள்ளியில் மட்டும் கிடைப்பவை இரண்டு. ஒன்று, திருத்தப்பட்ட விடைத்தாள். எந்த டியூஷனிலும், எந்த யூடியூப் காணொளியிலும் உங்கள் கையெழுத்தில் உள்ள உங்கள் விடையை ஒருவர் படித்து, இந்த இடத்தில் மார்க் போகும் என்று சுழித்துக் கொடுக்கமாட்டார். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போய்வந்த ஆசிரியருக்கு எங்கே அரை, எங்கே ஒன்று விழும் என்று தெரியும். சமன்படுத்தாத வேதிச் சமன்பாடு, அலகு எழுதாத விடை, படத்தில் பாகம் குறிக்காமல் விட்டது, சூத்திரம் எழுதாமல் நேராக எண்ணைப் போட்டது: திருப்புதல் தேர்வில் இதெல்லாம் சிவப்பு மையில் வரும். அந்தத் தாளை வாங்கி மொத்த மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் திணிக்கிறார்கள். அப்படி இல்லாமல், விட்ட இடங்களை ஒரு நோட்டில் எழுதி, இரண்டாம் திருப்புதலில் அதே தவறு வந்திருக்கிறதா என்று பார்த்தால், அந்த ஒரு பழக்கத்துக்காகவே பள்ளிக்கு வரலாம்.

இரண்டாவது, ஆய்வகம். இதை எழுதும்போது கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், மன்னிக்கவேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பியூரெட்டில் (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) நிற்பார்கள். ஒருவர் டைட்ரேஷன் செய்வார், மற்றவர்கள் அளவை எழுதிக்கொள்வார்கள். வருடம் முழுக்க அப்படியே ஓட்டிவிட்டு, தேர்வு அன்று தனியாக நிற்கும்போது கை நடுங்கும். பொட்டாசியம் பர்மாங்கனேட் அடர்நிறம். திரவ மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது, அதனால் பியூரெட்டில் மேல் விளிம்பைத்தான் பார்க்கவேண்டும். இதைப் படித்து மனப்பாடம் செய்த பிள்ளையும் பழக்கமில்லாமல் கீழே பார்த்து எழுதும். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்காமல் விட்டால் ஊதா நிறம் போகவே போகாது போலிருக்கும். பிள்ளை பயந்து இன்னும் இன்னும் திறந்துவிடும், முடிவுநிலை எங்கோ தாண்டிப் போயிருக்கும். நீர்த்த கந்தக அமிலம் குறைந்தால் குடுவையில் பழுப்பாகக் கலங்கும். கடைசித் துளியில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து அப்படியே நிற்கிறதா என்று பார்க்கிற நிதானம் புத்தகத்தில் வராது. ஜனவரியில் ஆய்வகம் காலியாக இருக்கிற ஒரு பிரிவேளையில், உதவியாளரிடம் கேட்டு, நீங்களே பியூரெட்டைக் கழுவி, நிரப்பி, ஒருமுறை தனியாகச் செய்துபாருங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பள்ளியை விட்டபின் வணிகவியலோ சட்டமோ போகிறவர்களுக்கு வாழ்க்கையில் இன்னொரு முறை பியூரெட்டைத் தொடும் வாய்ப்பே வராது.

ஆகவே என் தீர்ப்பு: பள்ளிக்கு வாருங்கள். தெரிந்த பாடத்தை மறுபடி நடத்தினால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் கணக்கைப் போடுங்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளமாட்டோம். ஒரு விதிவிலக்கு உண்டு. பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசி நான்கைந்து நாள் வீட்டில் இருந்து படிக்க விரும்பினால், வீடு ஒத்துழைத்தால், அது சரி. வருகைக்கும் அகமதிப்பீட்டில் பங்கு உண்டு என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

யாரும் கணக்கில் எடுக்காத காகித வேலை

படிப்புக்கு நேரமில்லாதபோது சான்றிதழுக்கு அலையச் சொல்கிறாயே என்று கேட்கலாம். மே மாதம் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது, பொறியியல் விண்ணப்பமும் அதே சமயத்தில் திறக்கிறது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாக நகரவேண்டும். ஒரு மேசையில் தேங்கினால் எல்லாம் தேங்கும்.

இதில் சில வேலைகளை ஜனவரியில் பிள்ளை செய்யத் தேவையில்லை, பெற்றோர் செய்யலாம். சாதிச் சான்றிதழ் அப்படி. பழங்குடி மாணவர்கள் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலக மட்டத்திலேயே முடிந்துவிடுகிற வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகும், நேரடி விசாரணை நடக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். எங்கள் பக்கம் இருளர் பிள்ளைகள் மார்க் எடுத்தும் சான்றிதழ் கையில் இல்லாமல் கலந்தாய்வு நேரத்தில் தவிப்பது புதிதல்ல. இவர்களுக்கு மட்டும் நான் பாடத்தைவிட இதை முதலில் வைப்பேன். தலைமையாசிரியரிடம் சொல்லி, பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கொஞ்சம் வேகம் பிடிக்கும்.

பள்ளிக்குள் முடிக்கவேண்டியது, பெயர். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லும்போது, கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டுவிட்டு வருகிறார்கள். தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலும் இதுவும் ஒன்றா, பிறந்த தேதி பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்க்கவேண்டும். சிறு தவறானால் பள்ளி அளவிலேயே திருத்தலாம். மதிப்பெண் பட்டியலாக அச்சாகி வந்துவிட்டால் ஒரு 'எச்' எழுத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவேண்டிவரும்.

7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்குப் போய் வாங்கவேண்டும். அந்தப் பள்ளி வேறு ஊரில் இருந்தால் இப்போதே ஒரு சனிக்கிழமை போய்வருவது நல்லது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக்குப் போன பிறகு மாதம் 1,000 ரூபாய் வருவதற்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில் இருக்கவேண்டும். அம்மா கணக்கு செல்லாது.

தமிழ் வழியில் படித்ததற்கான சான்று, பி.எஸ்.டி.எம். என்று சொல்வது, அவசரமில்லை. அரசு வேலையில் தமிழ் வழி படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்தில் வந்தது. 2020-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்டவேண்டியிருக்கிறது. பின்னால் டி.என்.பி.எஸ்.சி. எழுதும்போது வாங்கிக்கொள்ளலாம். எந்தெந்த ஆண்டு எந்தெந்தப் பள்ளியில் படித்தோம் என்ற பட்டியலை மட்டும் இப்போதே எழுதிவைத்துக்கொண்டால் அப்போது பதிவேட்டைத் தேடச் சொல்ல வசதியாக இருக்கும்.

டைப்பிங், இங்கிலீஷ், கம்ப்யூட்டர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எல்லாம் நல்லதுதான், எதுவும் இப்போது வேண்டாம். தட்டச்சுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். ஏப்ரலில் சேர்ந்து ஆகஸ்டில் எழுதலாம். ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் கல்லூரியில் மூன்று வருடம் இருக்கிறது. ஏற்கெனவே டைப்பிங் போய்க்கொண்டு பிப்ரவரித் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தால் எழுதிவிடட்டும்; புதிதாகச் சேரவேண்டாம்.

ஒன்றே ஒன்று, பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கியூட் போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் வேலையை ஊரில் உள்ள கடையில் கொடுத்து, அவர் அவசரத்தில் இனத்தையோ பாடத்தையோ மாற்றிப் போட்டு மாட்டிக்கொள்வதைவிட, ஆசிரியர் பக்கத்தில் இருக்கப் பள்ளியிலேயே செய்வது பாதுகாப்பு.

விளையாட்டும் நட்பும்

நான் கண்டிப்பான ஆசிரியர் என்று பெயர் வாங்கியவள். இருந்தாலும் பிப்ரவரியில் பி.டி. பீரியடைப் பிடுங்கி வேதியியல் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. திருப்புதல் தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளை நாற்பது நிமிடம் வாலிபால் ஆடினால் சாயங்காலம் உட்கார்ந்து படிக்கும். ஆடாவிட்டால் போனைத்தான் நோண்டும். ஆண்டு விழா நாடகத்தில் இருப்பவர்களை வாரம் இரண்டு முறைக்கு மேல் ஒத்திகைக்கு இழுக்கவேண்டாம் என்பது என் ஒரே நிபந்தனை.

நட்பை என் அளவுகோலில் வைத்தால் முதலிடம் வரவேண்டும். ஒரே ஊரில் ஐம்பது பேர் ஒன்றாக உட்காருவது இனி நடக்காது. ஒருத்தி கோயம்புத்தூருக்கு நர்சிங் போவாள், ஒருத்தன் திருப்பூருக்கு வேலைக்குப் போவான், சில பெண்களுக்கு மே மாதமே கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். ஆனால் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. பள்ளிக்கு வந்தாலே போதும், மதியச் சாப்பாட்டு வேளையில் அது தானாக நடக்கும். அதுவே வீட்டிலிருந்து படிப்பதற்கு எதிரான என் இன்னொரு வாதம். நன்றாகப் படிக்கிற பிள்ளை படிப்பு வராத பிள்ளைக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுப்பதில் இரண்டு பேருக்கும் லாபம் என்பதை எத்தனையோ வகுப்பில் பார்த்தாயிற்று. மரத்தடியில் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் ஒரு மதிப்பெண் கேட்டுக்கொள்வதை நான் கலைக்கவே மாட்டேன், சிரிப்புச் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும்.

வேலைக்குப் போகப்போகிறவர்களுக்கு

ஒவ்வொரு வகுப்பிலும் சிலருக்குக் கல்லூரி என்ற பேச்சே இருக்காது. அப்பா படுத்துவிட்டார், கடன் இருக்கிறது, அண்ணன் திருப்பூரில் இடம் பார்த்துவைத்திருக்கிறான். ஜனவரியிலேயே போனால் இரண்டு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்குமே என்று கணக்குப் போடுகிறார்கள். பனியன் கம்பெனி ஏப்ரலிலும் ஆள் எடுக்கும். மார்ச்சில் தேர்வை எழுதிவிட்டுப் போனால் பிளஸ் டூ பாஸ் என்ற தகுதி கையில் இருக்கும். அதை வைத்துப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், பின்னால் பிளஸ் டூ தகுதி கேட்கிற போட்டித் தேர்வுகளும் எழுதலாம். ஒன்றிரண்டு பாடம் போய்விட்டாலும் முடிவு வந்த கையோடு துணைத்தேர்வு நடக்கும். எழுதாமலே போனவர்கள் திரும்பி வந்து எழுதுவது மிகக் குறைவு.

இவர்களுக்கு நான் சொல்லும் இன்னொரு வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது. பிளஸ் டூ முடித்து எங்கேயும் சேராத பிள்ளைகளை 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளி மூலமாகவே போனில் கூப்பிடுகிறார்கள். 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்தி, சேர்க்கை, கல்விக்கடன், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஜூனில் நாங்கள் கூப்பிடும்போது, பல எண்கள் 'உபயோகத்தில் இல்லை' என்று வரும். ஆறாம் வகுப்பில் சேரும்போது அப்பா கொடுத்த எண்; அந்த சிம் எப்போதோ போயிருக்கும். வகுப்பாசிரியரிடம் போய், இப்போது வீட்டில் எடுக்கிற எண் எதுவோ அதைப் பள்ளிப் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். அப்பா எடுக்கமாட்டார் என்றால் பக்கத்து வீட்டு அக்கா எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.